காட்டு --திறந்தவை

சத்துவாச்சாரியில் கரண்ட் போனால்
மோடம் சாகும், மடிக்கணினி சாகாது.
பிழைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன,
ஒரு பிழைக்கு ஒரு கோப்பு.
இணையம் வேண்டாம், மவுஸ் வேண்டாம்.
கறுப்புத் திரையில் தட்டுகிறேன்:

காட்டு --திறந்தவை

அறுபத்தொன்று.

கட்டளைகளுக்குத் தமிழில் பெயர் வைத்தது நான்தான்.
காட்டு, தேடு, ஒட்டு, மூடு.
தேவகிருபை சிரித்தாள்:
"மாடு ஓட்டுற மாதிரி இருக்குடி."
இருக்கட்டும்.
மூன்றெழுத்துக்குள் வேலை முடிகிறது.

304: ரசீதில் ஜி.எஸ்.டி. இரண்டு முறை.
மூடு.
311: வங்காளிப் பெயர்கள் வெறும் கட்டங்களாக வருகின்றன.
எழுத்துருச் சிக்கல், அடுத்த மாதம்.
329: வெந்நீர் வாளிக்குக் கட்டணம் மைனஸில்.
காகிதப்பட்டறையில் ஒரு லாட்ஜ் மட்டும்
மூன்று வாரமாக
வாளிக்குப் பத்து ரூபாய் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது.
மூட மனசில்லை. மூடினேன்.

347.
அனுப்பியவர்: முனவ்வர், வரவேற்பு,
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து.

"சார், பதினாலாம் நம்பர் ரூம்.
ரெண்டு பேர் வந்தாங்க.
ஒருத்தர்தான் போறாங்க.
மிசின் கணக்க முடிக்க உடமாட்டேங்குது.
அந்தம்மா பையோட நின்னுகினு கீறாங்க."

நான் சார் இல்லை. அது வேறு பிழை.

வந்தவர் எண்ணிக்கையும் போனவர் எண்ணிக்கையும்
சமமானால்தான் பில் வரும்.
அந்த வரியை எழுதியவள் நான்.
பணம் கட்டாமல் ஒருத்தர் நழுவிவிடக் கூடாதென்று
லாட்ஜ்காரர்கள் கேட்டார்கள்.
எழுதிய அன்று நல்ல வரியாகத்தான் இருந்தது.

தேடு "ஒருத்தர்" --மூடியவை

பதினொன்று வந்தன.
பாபுராவ் தெரு, காந்தி ரோடு,
காட்பாடி ஸ்டேஷன் பக்கம் இரண்டு.
ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயர், என் பதில்:
பயன்படுத்துவோர் தவறு.
பயன்படுத்துவோர் தவறு.
எங்களிடம் இப்படி நிகழவில்லை.
ஒன்றில் மட்டும், ஏதோ அவசரத்தில்,
"ரெண்டு என்றே போட்டுவிடுங்கள்."

போட்டிருக்கிறார்கள்.
கணக்குக் கோப்பைத் திறந்து பார்த்தேன்.
மூன்று வருடம், எண்பது லாட்ஜ்,
வந்த தலைக்கும் போன தலைக்கும்
ஒன்றுகூடக் குறையவில்லை.
ராஞ்சியிலிருந்து, அகர்தலாவிலிருந்து,
சித்தூரிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில்
ஸ்கேன் படம் மடங்காமல் பிடித்துக்கொண்டு
இந்த ஊரில் இறங்கிய அத்தனை பேரும்
எங்கள் மென்பொருளில்
பில் கட்டி, ஆட்டோ பிடித்து,
காட்பாடியில் ரயிலேறி
வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

திருத்தம் ஒரே எழுத்து.
இரட்டைச் சமக்குறியில் ஒன்றை அழித்து
அந்த இடத்தில்
மூக்கு இடப்பக்கம் பார்க்கும் ஒரு குறி.

'காரணம்' என்று ஒரு கட்டம் வைக்கலாமே,
நிரப்பினால்தான் நகரும்படி, என்றாள் தேவகிருபை போனில்.
அப்படியானால் முனவ்வர் அதை
அந்தம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கும் என்றேன்.
கொஞ்ச நேரம் அவள் வீட்டு இன்வெர்ட்டர் சத்தம் மட்டும் கேட்டது.
"வேணாம்."

சோதனை ஒன்று எழுதினேன். வந்தவர் இரண்டு, போனவர் ஒன்று.
சோதனைக்குப் பெயர் வேண்டும்.
பதினாலு என்று வைத்தேன்.
பச்சை விழுந்தது.

மூடு 347

ஒன்றரை மணிக்குக் கரண்ட் வந்தது.
மோடம் உயிர் பிடித்து எல்லாவற்றையும் மேலே ஏற்றியது.
ஜன்னலுக்கு வெளியே மொட்டைப் பாறைகள்
பகலில் வாங்கிய வெயிலை
இன்னும் திருப்பித் தந்துகொண்டிருந்தன.

காலையில் 348.

"சார், இப்ப கணக்கு முடியுது, தேங்ஸ்.
பில்லு கடைசில
நன்றி மீண்டும் வருகன்னு வருதே,
அத மட்டும் எடுக்க முடியுமா.
அவசரம் இல்ல சார்."